செக்குமாடாய்ச் சுற்றும் டிரோன்: போனில் ஓட்டுபவர்களுக்கான ஜிபிஎஸ் கைப்பாடம்

ஆப்பில் சாட்டிலைட் 14 என்று காட்டுகிறது. பச்சை விளக்கும் எரிகிறது. ஏற்றினால் டிரோன் ஓரிடத்தில் நிற்காமல் செக்குமாடு மாதிரி வட்டம் போடுகிறது, வட்டமும் சுற்றுக்குச் சுற்று பெரிசாகிறது. "ஜிபிஎஸ் போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் புது ஜிபிஎஸ் மாட்டினால், அதுவும் அதே வட்டத்தைத்தான் போடும். கோளாறு ஜிபிஎஸ்ஸில் இல்லை, திசை காட்டும் காம்பஸில்.

போனில் ஓட்டும் டிரோன்களில் ஜிபிஎஸ் கோளாறு என்ற ஒரே பெயரில் மூன்று நோய்கள் உலவுகின்றன. சாட்டிலைட் பிடிக்காதது ஒன்று, காம்பஸ் திசை தப்புவது ஒன்று, போன் சொதப்புவது ஒன்று. மூன்றுக்கும் மருந்து வேறு. எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்கள் டிரோனில் ஜிபிஎஸ் இருக்கிறதா? 80 கிராம் எடையுள்ள டெல்லோ என்ற சின்ன டிரோனில் கிடையாது. அடியில் இருக்கும் சின்னக் கேமரா தரையைப் பார்த்துத்தான் அது நிற்கிறது. மலிவு விலையில் கிடைக்கும் மடக்கு டிரோன்களில் பலவும் அப்படியே. பெட்டியில் "ரிட்டர்ன் ஹோம்" (கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பும் வசதி) என்று அச்சடித்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பொம்மை வகைகளில் அந்தப் பொத்தான், கிளம்பியபோது மூக்கு இருந்த திசைக்கு நேர் எதிரே பின்னோக்கிப் பறக்க வைக்கும், அவ்வளவுதான். வீடு எங்கே என்று அதற்குத் தெரியாது. ஆப்பில் சாட்டிலைட் எண்ணிக்கை என்று ஒன்று இருந்து, டிரோனை வெட்டவெளியில் வைத்ததும் அது பூஜ்யத்திலிருந்து ஏறினால் ஜிபிஎஸ் இருக்கிறது என்று அர்த்தம்.

இடம் பார்ப்பது

ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிமீ உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் மிக மெலிசு. இடமும் உயரமும் கணக்கிட நாலு சாட்டிலைட் போதும் என்பது ஏட்டுக் கணக்கு. பறக்க 10, 12 இருந்தால் நல்லது. எண்ணிக்கையைவிட முக்கியம், அவை வானம் முழுக்கப் பரவி இருப்பது. ஒரே பக்கம் குவிந்திருந்தால் 12 இருந்தும் இடம் தள்ளாடும்.

இதற்குக் கருவி வேண்டாம், உங்கள் கை போதும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. தொடுவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டி அடுக்கிப் பாருங்கள். சுற்றியுள்ள மரம், சுவர், மலை எல்லாம் இரண்டு முஷ்டிக்குள் அடங்கினால் நல்ல இடம். ஒரு பக்கம் மட்டும் மூன்றைத் தாண்டினால் தள்ளிப் போங்கள். எது மறைக்கிறதோ அதன் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரம் தள்ளி நின்றால் பொதுவாகச் சரியாக இருக்கும்.

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் யானைமலையைப் பின்னணியாக வைத்துப் படமெடுக்க ஆசைப்படாதவர் இல்லை. மலை அடிவாரத்தில் வைத்து ஏற்றினால் பாதி வானத்தைப் பாறை விழுங்கிவிடும். மிச்சப் பாதியிலிருந்து வருவதிலும் கொஞ்சம் பாறையில் பட்டுத் திரும்பி, தாமதமாக ஆன்டெனாவுக்கு வரும். டிரோன் அதையும் நேராக வந்த சிக்னல் என்று நம்பி, தான் பத்து மீட்டர் தள்ளி இருப்பதாகக் கணக்குப் போடும். எண்ணிக்கை நன்றாக இருந்தும் டிரோன் திடீரென்று ஒரு பக்கம் நழுவுவது இதனால்தான். மலையிலிருந்து விலகி வயல்வெளியில் நின்று எடுத்தால் படமும் நன்றாக வரும், மலை முழுதாகவும் தெரியும். மேலூர்ப் பக்கக் கைவிட்ட கிரானைட் குழிகள் இன்னும் மோசம். நாலு பக்கமும் நேர்ச்சுவர், தலைக்கு மேலே மட்டும் ஒரு துண்டு வானம். குழிக்குள் இறக்கினால் ஜிபிஎஸ் போவது நிச்சயம்.

சோழவந்தான் பக்கத் தென்னந்தோப்புகளில் ஓலை சிக்னலை உறிஞ்சும், மழை பெய்து நனைந்திருந்தால் கூடுதலாக உறிஞ்சும். தோப்புக்குள் ஏற்றாமல் வரப்பில் ஏற்றித் தோப்புக்கு மேலே கொண்டுபோங்கள். வற்றிய கண்மாய் நல்ல மைதானம், சீமைக்கருவேலம் மட்டும் இல்லாமல் இருக்க வேண்டும்.

மதுரை விமான நிலையத்தையும் கணக்கில் வையுங்கள். 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிமீ வரை 60 மீட்டர் உயரத்துக்குள்தான் பச்சை மண்டலம், அதாவது அனுமதி வாங்காமல் பறக்கக்கூடிய வானம். 8 கிமீக்குள் அனுமதி வாங்காமல் பறக்கக் கூடாது. அவனியாபுரம், பெருங்குடி, திருப்பரங்குன்றம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். கிளம்பும் முன், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். சில டிரோன்கள் இந்த இடங்களில் மோட்டாரையே சுழல விடாது. அதையும் ஜிபிஎஸ் கோளாறு என்று நினைத்துப் பிரித்துப் போடுகிறவர்கள் உண்டு. ஜிபிஎஸ் ஒழுங்காக வேலை செய்வதால்தான் அது கிளம்ப மறுக்கிறது.

காத்திருப்பு

புதிதாக வாங்கியதோ, சில வாரம் பெட்டியில் கிடந்ததோ, வெளியூரிலிருந்து கொண்டு வந்ததோ, முதல் பேட்டரியைப் போட்டவுடன் பறக்காதீர்கள். ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன் பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை இடைவிடாமல் கேட்டால்தான் டிரோன் அந்தச் சாட்டிலைட்டைப் பயன்படுத்த முடியும். எல்லாச் சாட்டிலைட்டுகளின் முழுப் பட்டியலும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். அதனால் முதல் நாள் 15 நிமிடம் வெட்டவெளியில் சும்மா வையுங்கள். அடுத்தடுத்து ஒன்றிரண்டு நிமிடம் போதும். பாதை விவரம் ஏறக்குறைய நாலு மணி நேரம் செல்லும் என்பதால், காலையில் பறந்த டிரோன் பேட்டரி மாற்றியதும் சில விநாடிகளில் பிடித்துவிட வேண்டும்.

இதிலேயே ஒரு சோதனை ஒளிந்திருக்கிறது. பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடத்துக்குள் அடுத்ததைப் போடுங்கள். அப்போதும் முதல்முறை எடுத்த அதே நேரம் பிடித்தால், ஜிபிஎஸ் பலகையில் நினைவைக் காக்கும் பொட்டு பேட்டரி செத்திருக்கிறது. பறப்பதற்கு அது தடையில்லை, ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

சித்திரை வெயிலில் இந்தக் காத்திருப்புக்கு ஒரு சிக்கல் உண்டு. காற்றோட்டம் இல்லாமல் தரையில் கிடக்கும் டிரோன் கொதிக்கும், பேட்டரியும் குறையும். மரநிழலில் வைத்தால் வானம் மறையும். மேலே வெள்ளைப் பருத்தித் துண்டைப் போர்த்துங்கள். காய்ந்த துணியைச் சிக்னல் தாண்டி வரும். ஈரத்துண்டு வேண்டாம், வெள்ளிப்பூச்சுக் குடையும் வேண்டாம்.

"ஹோம் பாயிண்ட் பதிவானது" என்ற செய்தி வந்த பிறகே ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே ஏற்றிவிட்டால், டிரோன் எங்கே ஜிபிஎஸ்ஸைப் பிடிக்கிறதோ அந்த இடத்தை வீடு என்று குறித்துக்கொள்ளும். அது கண்மாய்த் தண்ணீருக்கு மேலேகூட இருக்கலாம்.

காம்பஸ்

முதலில் சொன்ன செக்குமாட்டுக்கு வருவோம். ஜிபிஎஸ் டிரோனுக்கு "நீ எங்கே இருக்கிறாய்" என்று மட்டுமே சொல்லும். மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்வது காம்பஸ். காற்று டிரோனைக் கிழக்கே இரண்டு மீட்டர் தள்ளியது என்று வையுங்கள். அது மேற்கே திரும்பி வர வேண்டும். காம்பஸ் 40 டிகிரி பிசகியிருந்தால் மேற்கு என்று நினைத்துத் தென்மேற்கே நகரும். இப்போது புதுப் பிழை, அதைத் திருத்த இன்னொரு கோணல் நகர்வு. இப்படித்தான் வட்டம் பிறக்கிறது. பிசகு 90 டிகிரியைத் தாண்டினால் வட்டம்கூட இல்லை, வீட்டுக்கு எதிர்த்திசையில் ஒரே ஓட்டம்.

நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் காம்பஸுக்குத் தோதானது. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடியை ஒட்டிப் போவதால் புலம் தரைக்கு ஏறக்குறைய இணையாக இருக்கிறது. உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வித்தியாசமும் 3 டிகிரிக்குள்தான். ஆக, மதுரைச் சுற்றுவட்டாரத்தில் காம்பஸ் தப்பினால் குற்றவாளி பக்கத்தில் கிடக்கும் இரும்புதான். மொட்டை மாடி முதல் எதிரி, கான்கிரீட்டுக்குள் கம்பி வலை பின்னிக் கிடக்கிறது. பிறகு பைக், கார் பானட், சாக்கடை மூடி, போர்வெல் குழாய், மேடை ஸ்பீக்கர். மாடியில்தான் பறந்தாக வேண்டும் என்றால் டிரோனை மர ஸ்டூல் மேல் வைத்து ஏற்றுங்கள். தரையிலிருந்து அரை மீட்டர் உயர்ந்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் காலிபரேஷன், அதாவது காம்பஸைச் சரிப்படுத்துவது, மட்டும் மாடியில் செய்யவே கூடாது.

காலிபரேஷன் செய்யும் முறை: மண்தரையில், வண்டியிலிருந்து பத்து அடியாவது தள்ளி நில்லுங்கள். கைக்கடிகாரம், இடுப்புச் சாவிக்கொத்து, காப்பு, காந்த மூடி வைத்த போன் உறை எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், அதன் ஸ்பீக்கரிலும் காந்தம் இருக்கிறது. டிரோனைக் கிடைமட்டமாகப் பிடித்து நீங்களே ஒரு முழுச்சுற்று சுற்றுங்கள், விளக்கு நிறம் மாறும். பிறகு மூக்கு தரையைப் பார்க்கப் பிடித்து இன்னொரு சுற்று. ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் மூன்றாவது சுற்றும் கேட்கும்.

தினமும் காலிபரேஷன் செய்ய வேண்டுமா? வேண்டாம். நல்ல இடத்தில் ஒருமுறை ஒழுங்காகச் செய்ததை, பழக்கதோஷத்தில் கெட்ட இடத்தில் திரும்பச் செய்து கெடுத்துக்கொள்கிறவர்களே அதிகம். ஊர் மாறினால், கீழே விழுந்தால், பாகம் மாற்றினால், ஆப்பே கேட்டால் செய்யுங்கள்.

செய்த பின் சரிபார்க்க ஒரு வழி. மூக்கை ஒரு கோயில் கோபுரத்தையோ நேர்ச்சாலையையோ நோக்கி வைத்து, ஆப் வரைபடத்தில் அம்புக்குறி அதே பக்கம் காட்டுகிறதா பாருங்கள். கால் திருப்பம் திருப்பி மறுபடி பாருங்கள். ஒரு திசையில் சரியாகவும் அடுத்த திசையில் 20 டிகிரி பிசகாகவும் காட்டினால் காலிபரேஷன் சரியாகவில்லை.

போன்

ஆண்ட்ராய்டில் டிரோன் ஆப்புக்கு இருப்பிட அனுமதி கொடுக்காவிட்டால் பல ஆப்கள் டிரோனின் வைஃபையையே கண்டுபிடிக்காது. அனுமதி கேட்கும்போது "துல்லியமான இருப்பிடம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "தோராயம்" கொடுத்தால், உங்களைப் பின்தொடரச் சொன்ன டிரோன் அடுத்த தெருவுக்குப் போகப் பார்க்கும். பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துவிடுங்கள்.

டிரோன் வைஃபையில் இணையம் இருக்காது. "இந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை, இணைப்பில் இருக்கவா?" என்று போன் கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். மொபைல் டேட்டாவுக்குத் தானாக மாறும் வசதியையும் அணையுங்கள். இல்லாவிட்டால் 30 மீட்டர் உயரத்தில் போன் தன் இஷ்டத்துக்கு டேட்டாவுக்குத் தாவும், கட்டுப்பாடு அறுந்துவிடும். வரைபடம் வெள்ளையாகக் கிடந்தால் அதுவும் ஜிபிஎஸ் கோளாறு இல்லை. வீட்டில் இணையம் இருக்கும்போதே ஆப்பைத் திறந்து, பறக்கப் போகும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வைத்தால் பெரும்பாலும் படம் நினைவில் தங்கும்.

ஃபிளைட் மோடில் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்வது நல்ல பழக்கம், நடுவில் கால் வராது. பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். ஆனால் டவர் உதவி இல்லாததால் மெதுவாகப் பிடிக்கும். ஆகவே முதலில் மேப்பைத் திறந்து நீலப்புள்ளி நிலைத்த பிறகு ஃபிளைட் மோடுக்கு மாறுங்கள்.

போனில் 30 சாட்டிலைட் தெரிகிறது, டிரோனில் 9தான் என்று குழம்ப வேண்டாம். இப்போதைய போன்கள் ஜிபிஎஸ்ஸோடு மற்ற நாட்டுச் சாட்டிலைட்டுகளையும் சேர்த்து வாங்கும், சில போன்கள் இஸ்ரோவின் சாட்டிலைட் அமைப்பான நேவிக்கையும் வாங்கும். பலவற்றில் இரண்டு அலைவரிசை வாங்கும் சிப் இருக்கிறது. மலிவான டிரோன்களில் 1575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைதான் கதி. பின்தொடரும் முறையில் டிரோன் துரத்துவது போனின் இடத்தைத்தான். போனைப் பையில் போட்டால் புள்ளி குதிக்கும், டிரோனும் கூடவே குதிக்கும். கையில் மேல்பார்க்கப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றி நிறுத்திப் பார்ப்பது

இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ஒன்றரை மீட்டருக்குள் அசைந்தால் ஜிபிஎஸ்ஸுக்கு அது இயல்பு. ஆனால் இந்தச் சோதனை பொய் சொல்லும். கீழ்க்கேமரா உள்ள டிரோன் தரையைப் பார்த்தே அசையாமல் நிற்கும், ஜிபிஎஸ் மோசமாக இருப்பது வெளியே தெரியாது. பத்து மீட்டர் தாண்டியதும் கேமராவுக்குத் தரை மங்கும், பொறுப்பு ஜிபிஎஸ் கைக்கு வரும், டிரோன் ஓடும். ஆகவே 15 மீட்டரில் இன்னொரு நிமிடம் நிறுத்துங்கள். கண்மாய்த் தண்ணீர் மேல் இதே கதை எந்த உயரத்திலும் நடக்கும், அலை ஓடும் தண்ணீரைப் பார்த்துக் கேமரா ஏமாறும்.

பிறகு பத்து மீட்டர் நேராக முன்னே ஓட்டுங்கள். மூக்கு ஒரு பக்கம், போகும் பாதை ஒரு பக்கம் என்று விலகினால் காம்பஸ். உடனே இறக்குங்கள்.

ரிட்டர்ன் ஹோம் உயரத்தை இங்கே 40 மீட்டருக்கு வைக்கலாம், தென்னையும் பனையும் அதற்குள் அடங்கும். செல்போன் டவர் அடங்காது, அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். வீடு திரும்பும் டிரோன் கிளம்பிய புள்ளியிலிருந்து சில மீட்டர் தள்ளி இறங்குவது சகஜம். கருவேலமுள் பக்கத்தில் இருந்தால் பத்து மீட்டர் உயரத்திலேயே கட்டுப்பாட்டை நீங்கள் வாங்கி இறக்குங்கள்.

பறக்கும்போது ஜிபிஎஸ் அறுந்தால்

ஜிபிஎஸ் போனதும் டிரோன் மட்டம் மட்டும் பார்த்துக்கொள்ளும். இடத்தைக் காற்று தீர்மானிக்கும். விநாடிக்கு 5 மீட்டர் காற்றில் ஒரு நிமிடத்தில் 300 மீட்டர் போய்விடும். போன் வைஃபையின் எல்லை பல டிரோன்களில் 50 முதல் 100 மீட்டர். கையில் 20 விநாடிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக்காற்றில் அதுவும் இல்லை. அந்த மாதங்களில் விடிந்த முதல் இரண்டு மணி நேரம் மட்டும் பறப்பது நல்லது.

பதற்றத்தில் எல்லாரும் ரிட்டர்ன் ஹோமை அமுக்குகிறார்கள். ஜிபிஎஸ் இல்லாத டிரோனுக்கு அந்தப் பொத்தான் வீண். காம்பஸ் பிசகியதற்கோ, அது தப்புத் திசைக்கு அனுப்பும் கட்டளை. செய்ய வேண்டியது, உயரத்தைக் குறைப்பது. கீழே காற்று குறைவு. மூக்கு எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் திரையில் உள்ள கட்டுப்பாட்டுக் குச்சியை இரண்டு விநாடி முன்னே தள்ளிப் பாருங்கள், தூரம் போனால் பின்னால் இழுங்கள். திரைக் குச்சியில் விரல் வழுக்கும், வியர்வையைத் துடைத்துக்கொள்ளுங்கள். காலியான மண்தரை எது கிடைத்தாலும் இறக்கிவிடுங்கள்.

சாயங்காலத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. காந்த நடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் சூரியன் மறைந்த பின், வானில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் குமிழிகள் எழும்பும். அவற்றைக் கடந்து வரும் ஜிபிஎஸ் சிக்னல் நட்சத்திரம் மாதிரி மின்னி அறுந்து வரும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், ஏழு மணியிலிருந்து நள்ளிரவு வரை இது அதிகம். சூரியப் புள்ளிகள் கூடிய ஆண்டுகளில் இன்னும் அதிகம். 1963இல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே இந்த நடுக்கோட்டு வானத்தை ஆராயத்தான். வெட்டவெளியில் 15 இருந்த எண்ணிக்கை காரணமே இல்லாமல் 8க்கு இறங்கினால் டிரோனைப் பிரிக்காதீர்கள், மூட்டை கட்டுங்கள், காலையில் பாருங்கள்.

உள்ளே பார்ப்பது

ஜிபிஎஸ் ஆன்டெனா ஒரு சதுர பீங்கான் வில்லை, மேல்மூடிக்குக் கீழே படுத்திருக்கும். அதன் தலைமேல் அலுமினிய ஸ்டிக்கர், எல்இடி பட்டை, கூடுதல் கேமரா எதுவும் வேண்டாம். கேமரா மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அதை அணைத்து மூன்று நிமிடம், ஓட விட்டு மூன்று நிமிடம், எண்ணிக்கையை எழுதுங்கள். நாலைந்து குறைந்தால் கேமராவின் மின் இரைச்சல் ஜிபிஎஸ்ஸை அமுக்குகிறது. தள்ளி மாட்டுங்கள்.

வெட்டவெளியில் 15 நிமிடமாகியும் பூஜ்யம் என்றால், பல மாடல்களில் ஜிபிஎஸ்ஸும் காம்பஸும் ஒரே சிறு பலகையில் இருப்பதை நினைவில் வையுங்கள். இரண்டும் சேர்ந்து போயிருந்தால் இணைப்பு வயர் கழன்றிருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. விழுந்த டிரோனில் இதுதான் வழக்கம். சாக்கெட்டை அழுத்தினாலே சரியாகிவிடும். ஒன்று மட்டும் போயிருந்தால் பலகையை மாற்றுங்கள். வில்லையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் எண்ணிக்கை பாதியாகும், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

தொலைந்தால், ஆப்பை மூடாமல் கடைசியாகப் பதிவான இடத்தைத் திரைப்பிடி எடுத்து வையுங்கள். அந்தப் புள்ளிக்கு நடந்து, அங்கிருந்து காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கமாகத் தேடுங்கள். டிரோன் பேட்டரி தீராதிருந்தால் அதன் வைஃபை பெயர் போனில் திரும்பத் தெரியும். சிக்னல் கோடுகள் ஏறும் பக்கம் போங்கள். இரண்டு கோடு வந்ததும் நின்று காது கொடுங்கள், கவிழ்ந்து கிடக்கும் டிரோன்களில் பல கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும். கருவேலங்காட்டில் தேடுவதானால் தடித்த செருப்பும் ஒரு வளைகோலும் எடுத்துப் போங்கள்.